அறிவினாவும் அறியா வினாவும்

புத்தளம் பஸ் நிலையத்தில், கச்சான் பொதிகளுக்கும் கைத்தொலைபேசி உறைகளுக்கும் இடையே, மெல்லிய தாளில் அச்சிட்ட ஒருவகைச் சிறுநூல்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கக் காணலாம். பொது அறிவு வினா விடை என்பது அவற்றின் பொதுப்பெயர். உலகின் நீண்ட நதி, இலங்கையின் உயர்ந்த மலை, பென்சிலினைக் கண்டறிந்தவர், திரவ நிலையிலுள்ள உலோகம், மனித உடலின் எலும்புத்தொகை, நாடு சுதந்திரம் பெற்ற நாள் ஆகிய யாவும் ஒரே பக்கத்தில் இடம்பெறும். நைல் நதியும் பீதுருதலாகலவும் அலெக்சாந்தர் பிளெமிங்கும் பாதரசமும் 206 என்னும் இலக்கமும், ஒன்றோடொன்று உறவோ பகையோ இன்றி, சந்தைக்கு வந்த அந்நியரைப் போலத் தோளோடு தோள் உரசி நிற்கும். பக்கத்தைப் புரட்டினால் வேறு கூட்டம்.

எமது மாணாக்கர் இந்நூல்களை மனனஞ் செய்கின்றனர். பஸ்ஸிலும் படகுத்துறையிலும் ஒருவர் கேட்க மற்றவர் விடை கூறி மகிழ்கின்றனர். இதனைக் கண்டு முகஞ் சுளிக்கும் கற்றோர் பலர் உளர். துண்டு துண்டான செய்தி அறிவாகாது என்பர். கிளிப்பிள்ளைப் பாடம் என்பர். அவர்களுடைய பிள்ளைகளுக்கு வீட்டில் நூலகம் உண்டு, மேலதிக வகுப்புக்குப் பணம் உண்டு, வேண்டுமாயின் கடல்கடந்து செல்ல வழியும் உண்டு. கரைவலை இழுப்பவன் மகனுக்கோ உப்புப் பாத்தியில் கால் வெடித்து நிற்பவள் மகளுக்கோ அவை இல்லை. அரசாங்க உத்தியோகத்துக்கான போட்டிப் பரீட்சையில் பொது அறிவு என்றொரு வினாத்தாள் வைக்கப்படுகின்றது. அதிற் சில புள்ளிகள் கூடினால் ஒரு குடும்பம் முழுவதும் ஓலைக் கொட்டிலினின்று கல்வீட்டுக்கு ஏறலாம். 1945ஆம் ஆண்டில் கன்னங்கரா அவர்களின் பெருமுயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது ஏழை மக்களுக்குக் காட்டப்பட்ட கதவு, இன்று இவ்வளவு ஒடுங்கிய துவாரமாகி அச்சிறுநூலின் வடிவில் பஸ் நிலையத்திற் கிடக்கின்றது. துவாரத்தின் வழியே நுழைய முயல்பவனைப் பார்த்து நகைப்பது எம்மால் இயலாது.

எனவே எமது வழக்கு அச்சிறுநூலோடு அன்று, விடைகளோடும் அன்று. நைல் நதி நீண்டதென்று அறிந்திருத்தலால் எவருக்கும் தீங்கு இல்லை. ஆராய வேண்டியது வினாவின் இயல்பையே.

நன்னூலார் வினாவை ஆறாக வகுத்தார் என்பதைத் தமிழ் பயின்றோர் அறிவர். தான் பொருளை அறிந்திருந்தும் எதிரிலிருப்பவன் அறிவானோ எனச் சோதிக்கக் கேட்பது அறிவினா. அறியாதவன் அறிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா. தூரத்தே புரள்வது ஓங்கிலோ அலையோ எனக் கற்பிட்டிக் கடலிற் கண்ணைச் சுருக்கிக் கேட்பது ஐய வினா. மீன் இருக்கின்றதா எனச் சந்தையிற் கேட்பது வாங்கும் பொருட்டு. அது கொளல் வினா. உன்னிடம் கொப்பி இல்லையா எனக் கேட்டுக்கொண்டே ஒன்றை நீட்டுவது கொடை வினா. சாப்பிட்டாயா எனத் தாய் கேட்பது, சாப்பிடு என ஏவும் பொருட்டு. அது ஏவல் வினா. இந்த ஆறனுள் ஐந்து வினாக்களில் கேட்பவனுக்கும் கேட்கப்படுபவனுக்கும் இடையே ஏதோ ஒன்று கைமாறுகின்றது: அறிவு, தெளிவு, பொருள், அன்பு. அறிவினா ஒன்றில் மாத்திரம் கேட்பவனுக்கு எதுவும் தேவையில்லை. அவன் கையில் விடை முன்னரே இருக்கின்றது. எதிரிலிருப்பவனின் தரத்தையே அவன் அளக்கின்றான்.

ஆசிரியராகிய நாம் அறிவினாவைப் பழித்தால் சோற்றைப் பழித்தவராவோம். எமது ஊதியமே அதற்காகத்தான் தரப்படுகின்றது. நன்னூலாரும் அதனைக் குற்றமென்று கூறினாரல்லர். ஆறனுள் ஒன்றாகவே வைத்தார். ஆறும் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றே நிறைந்து நிற்பின் என்னாகும் என்பதே எமது கவலை.

வினா விடை என்னும் வடிவம் எமக்குப் புதிதன்று. தமிழ் எழுத்தில் அச்சேறிய மிகப் பழைய நூல்களுள் ஒன்றாகிய கிரீசித்தியானி வணக்கம் 1579ஆம் ஆண்டில் கொச்சியில் அச்சாயிற்று. அது குருவும் சீடனும் வினவி விடை பகரும் முறையில் அமைந்தது. மூன்று நூற்றாண்டுகளின் பின் ஆறுமுக நாவலர் பாதிரிமாரின் படைக்கலத்தையே கைக்கொண்டு சைவ வினாவிடை இயற்றினார். சமயங்கள் மாறின, வடிவம் மாறவில்லை. வினாவும் ஆசிரியருடையது, விடையும் ஆசிரியருடையது. படிப்பவன் ஐயுறுவதற்கு அங்கே இடம் வைக்கப்படவில்லை. நெட்டுருச் செய்வதற்கே வைக்கப்பட்டது. இதற்கு முற்பட்ட வழக்கொன்றும் எம்மிடம் உண்டு. தொல்காப்பியர் பிசி என்பார். எங்கள் கரையோரப் பாட்டிமார் விடுகதை என்பர். அங்கே விடை ஒளிந்து நிற்கும். கேட்பவன் பொருளைச் சுற்றிச் சுற்றி நோக்கித் தானே கண்டெடுக்க வேண்டும்.

அறிவினா பண்டமானபோது நிகழ்ந்த கூத்தொன்றையும் இங்கே குறிப்பிடலாம். 1950களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வினாப் போட்டிகள் பெரும் வணிகமாயின. விடை கூறுவோர் கண்ணாடிக் கூண்டினுள் நின்று, நெற்றி வியர்க்கச் சிந்தித்து, ஆயிரக்கணக்கான டொலர்களை வென்றனர். அவருள் புகழ்பெற்றவர் கொலம்பியாப் பல்கலைக்கழக விரிவுரையாளரான சாள்ஸ் வான் டோரன். விடைகள் தமக்கு முன்கூட்டியே தரப்பட்டன என 1959 நவம்பரில் அவர் அமெரிக்கக் காங்கிரசின் விசாரணைக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். சிந்திப்பது போன்ற முகபாவமும் பயிற்றப்பட்டதே. அந்நாட்டு மக்கள் அதிர்ச்சியுற்றனராம். கேட்பவனுக்கும் விடை தெரியும், சொல்பவனுக்கும் விடை தெரியும் என்னும் நிலைக்கு வினாவைக் கொண்டுசென்றுவிட்ட பின்னர் எஞ்சுவது நடிப்பின்றி வேறென்ன?

நிற்க. எமது கரைக்கு வருவோம்.

கறியுப்பின் இரசாயனப் பெயர் யாது? சோடியங் குளோரைட்டு. எந்தச் சிறுநூலிலும் இவ்வினா உண்டு. எமது வகுப்பில் இதற்கு விடை கூறாத பிள்ளை இல்லை. ஆனால் உப்பு எவ்வாறு விளைகின்றது என்பதை அப்பிள்ளைகளுட் சிலர் எம்மைக் காட்டிலும் நன்கறிவர். கடல்நீர் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புக்கள் கரைந்துள்ளன. களப்பிலிருந்து ஏற்றிய நீரை ஒரு தடாகத்திலிருந்து மற்றொன்றுக்கு மெல்ல நகர்த்தி வெயிலில் வற்றவிடுவர். முதலிற் சுண்ணப் பொருள் படியும். அதன்பின் ஜிப்சம் படியும். நீர் போமே அளவில் ஏறக்குறைய 25 பாகையை எட்டிய பின்னரே உப்புப் பூக்கும். அதற்கு மேலும் வற்றவிட்டால் மக்னீசியம் சேர்ந்து கைக்கும். அந்தக் கைப்பு நீரை உரிய வேளையில் வடித்துவிட வேண்டும். இதற்குக் கருவி உண்டு. கருவி பாராமல் நீரின் நிறத்தையும், கையிற் படும் வழுவழுப்பையும் கொண்டு நாளைக் கணிக்கும் பெண்களும் உளர். அப்பெண்களின் அறிவு எந்தப் பொது அறிவு நூலிலும் இடம்பெறுவதில்லை. அது தொழில் என்று ஒதுக்கப்படும். அறிவு என்று எண்ணப்படுவதில்லை.

அத்தகைய தாயின் மகள் ஒருத்தி ஒருநாள் எழுந்து நின்று, “சேர், உப்பு விளையப் போற நேரத்தில தண்ணி ஏன் செவக்குது?” எனக் கேட்டாள். அவள் கேட்டது அறியா வினா. மிகை உப்பில் மாத்திரமே வாழவல்ல நுண்ணுயிர்களும் பாசிகளும் அந்நிறத்தைத் தருகின்றன என்பது விடை. அந்த விடையை அவள் வீட்டுக்குக் கொண்டுசென்றபோது, செவக்காத தண்ணியிலே நல்ல உப்பு விளையாது என்பது தனக்கு முன்னமே தெரியுமென்று தாய் கூறினாளாம். சிவந்த நீர் வெயிலை மிகுதியாக உட்கொள்வதால் விரைந்து வற்றும் என்பதை அறிவியலார் கூறுவர். தாயும் பாடநூலும் ஒரே பாத்தியின் இரு கரைகளில் நின்றிருக்கிறார்கள். இடையே ஒரு பிள்ளையின் வினா பாலமிட்டது.

உப்பைப் பற்றிக் கேட்கத் தக்கவை இத்துடன் முடிவதில்லை. மலைநாட்டிலே உப்பு விளையாது. புத்தளத்து உப்பைத் தவளத்து மாடுகள் கண்டிக்குச் சுமந்து சென்றன. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் வசமான பின்னர், ஓர் அரசனின் குடிகள் சோற்றுக்கு இடும் உப்புக்காக அந்நியக் கம்பனியின் கையை நோக்க வேண்டியதாயிற்று. ஆங்கிலேயர் வந்தபின் உப்பு அரசாங்கத்தின் தனியுரிமையாகி வருமானந் தந்தது. நாற்புறமும் கடல் சூழ்ந்த இந்நாடு, மழையால் விளைச்சல் கெட்டு, 2025ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து உப்பை இறக்குமதி செய்தது. சோடியங் குளோரைட்டு என்னும் ஒற்றைச் சொல் விடைக்குள் இவற்றுள் எது அடங்கும்?

பொது அறிவு நூலார்க்கு மிக விருப்பமான சொல் முதலாவது என்பது. எமது மாவட்டத்துக்கு அந்த வகையிற் பெருமை சேர்ந்திருக்கிறது. இலங்கையின் முதலாவது நிலக்கரி மின்நிலையம் எங்குள்ளது? நுரைச்சோலையில். சீனக் கடனுதவியுடன் எழுந்த அதன் முதற்பகுதி 2011ஆம் ஆண்டு மார்ச்சில் தொடக்கி வைக்கப்பட்டது; 2014இல் மூன்று பகுதிகளும் நிறைவுற்று மொத்தம் 900 மெகாவாற்று ஆயிற்று. இவ்வளவும் வினாத்தாளில் வரும். பரீட்சார்த்தி எழுதுவான், புள்ளி பெறுவான்.

ஆழ்கடலில் நங்கூரமிட்ட கப்பலினின்று நிலக்கரியைப் பாதைகளில் இறக்கிக் கரைசேர்ப்பதற்குக் கடல் அமைதியாயிருக்கும் மாதங்களே ஏற்றவை. ஆகவே கச்சான் காற்று வீசும் மாதங்களுக்கு வேண்டிய கரியை முன்னரே மலையாகக் குவித்து வைக்க வேண்டும். காற்று அடிக்கும் திசையிலே குடிமனைகள் உள்ளன. மிளகாயும் வெங்காயமும் விளையும் மணற்றோட்டங்கள் உள்ளன. வாடியடித்து மீன்பிடிப்போர் உளர். தூசும் சாம்பலும் பற்றி அயற்கிராமத்தார் முறையிட்டு வந்துள்ளனர். நாடு முழுவதும் விளக்கெரிய வேண்டும் என்பதை அவர்களும் மறுக்கவில்லை. இவையெல்லாம் எங்கே என்னும் வினாவுக்கு விடையாகமாட்டா; ஏன், எவ்வாறு, எவருக்கு என்னும் வினாக்களுக்கே விடையாகும். பொது அறிவு நூல்களில் யார், எது, எங்கே, எப்போது, எத்தனை என்பன வாழ்கின்றன. ஏனும் எவ்வாறும் அங்கே குடியேறுவது அரிது. ஏன் என்பதற்கு நான்கு விடை தந்து ஒன்றின்கீழ்க் கோடிடச் சொல்வது எளிதன்று என்பது ஒரு காரணம். அது மாத்திரமே காரணம் என நாம் நம்பவில்லை.

வடக்கே அறுவாக்காட்டுக்குச் செல்வோம். அங்கே சுண்ணக்கல் அகழ்ந்து பாலாவிச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு அனுப்பினர். மயோசீன் காலத்துக் கடலுயிர்களின் சுவடுகள் அக்கல்லிலே பதிந்துள்ளன. நிலவியல் மாணவனுக்கு அது திறந்த நூல். 2017 ஏப்பிரல் 14ஆம் நாள், புத்தாண்டன்று, கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து 30க்கும் மேற்பட்ட ஏழை மக்கள் மடிந்தனர். அதன்பின் தலைநகரின் குப்பையை அறுவாக்காட்டுக்குக் கொண்டுவந்து புதைக்கும் திட்டம் விரைந்தது. 2018, 2019ஆம் ஆண்டுகளில் புத்தளத்து மக்கள், தமிழர் முஸ்லிம்கள் சிங்களவர் என்னும் பேதமின்றி, வீதியில் இறங்கினர். நகரத்துச் சேரியில் குப்பை சரிந்து இறந்தவனும் எங்கள் களப்புக்கு அஞ்சித் தெருவில் நின்றவனும் ஒரே வர்க்கத்தவர் என்பதைக் கேட்டறிய எந்தப் போட்டியில் வினா உண்டு?

எமது கரையின் பழங்கதைகளை நோக்கினால், வேறுவகை வினாக்கள் ஒருகாலத்தில் இங்கே உலவின என்பது புலனாகும். உரோமானிய எழுத்தாளர் பிளினி ஒரு நிகழ்ச்சியைக் குறித்துள்ளார். அன்னியுஸ் புளோகாமுஸ் என்பவரின் ஊழியத்தில் இருந்த, அடிமைத்தளை நீங்கிய ஒருவன், காற்றினால் அடிபட்டுப் பதினைந்தாம் நாள் ஹிப்பூரோஸ் என்னுந் துறையை வந்தடைந்தான். வில்பத்துக் காட்டின் கடலோரமாகச் செம்மண் மேடாக எழும் குதிரைமலையே அத்துறை என்பது பலர் துணிபு. அரசன் அவனை ஆறு மாதம் வைத்திருந்து, மொழி பழகிய பின் அவனுடைய நாட்டைப் பற்றி வினவினான். அவன் கொண்டுவந்த வெள்ளிக் காசுகளில் வெவ்வேறு மன்னர் முகங்கள் பொறித்திருந்தும் நிறை ஒன்றாகவே இருந்தமை கண்டு அந்நாட்டாரின் நேர்மையை வியந்தானாம். அரசன் விடை தெரியாமலே கேட்டான். கையிற் கிடைத்த காசை நிறுத்துப் பார்த்து, கேட்டதனோடு ஒப்பிட்டான். அறியா வினாவுக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டை நன்னூல் உரையிலும் காண்பதரிது.

1344ஆம் ஆண்டில் இபன் பதூதா வந்திறங்கிய பத்தாளா என்பது புத்தளமே என்பர். கரையிலே கறுவா மரத் துண்டுகள் குவிந்து கிடக்கக் கண்டதாக அவர் எழுதியுள்ளார். அங்கே ஆரியச் சக்கரவர்த்தி முத்துக்களைக் காட்டி, நீர் கண்ட நாடுகளில் இவற்றுக்கு நிகரானவை உண்டோ என வினவினான். இல்லை என்றார் பயணி. அரசன் மகிழ்ந்து அவற்றை அவருக்கே ஈந்தான். இவ்வினா அறிவினாவோ அறியா வினாவோ எனத் தமிழாசிரியர்கள் வாதிடலாம். புகழை வாங்கக் கேட்டமையால் கொளல் வினா என்பதும் பொருந்தும். அந்த முத்தை மூழ்கி எடுத்தவனைப் பற்றி இருவருமே கேட்கவில்லை.

இனி எம்மவர் ஒருவர். சைமன் காசிச்செட்டி 1807இல் கற்பிட்டியிற் பிறந்தவர். இளமையிலேயே புத்தளத்து நீதிமன்றில் மொழிபெயர்ப்பாளராய் அமர்ந்து, பின் மணியகாரராகி, 1838இல் சட்டநிரூபண சபையில் உறுப்பினரானார், 1860இல் மறைந்தார். அவர் 1834இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட இலங்கைக் கெசற்றியர் இத்தீவின் ஊர்களையும் ஆறுகளையும் குளங்களையும் அகரவரிசையில் தொகுத்துரைப்பது. 1859இல் வெளியிட்ட தமிழ் புளூட்டாக் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தொகுத்துத் தருவது. பொது அறிவு நூலென்று ஒன்றை இக்கரையில் எவரேனும் படைத்திருப்பின் அவர் இவரே. ஆயின் எங்கள் சிறுநூல்களில் இவர், தமிழ் புளூட்டாக்கை எழுதியவர் யார் என்னும் வினாவுக்கு விடையாக மாத்திரம் எஞ்சியுள்ளார். நாம் அவரைப் புகழ்வதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: ஊர்களையும் குடிகளையும் பயிர்களையும் வகைப்படுத்திக் கூறும் நூல், ஆள்வோர்க்கும் வரி விதிப்போர்க்கும் பயன்பட்ட நூல். அவர் ஆட்சியின் உத்தியோகத்தர். ஆங்கிலம் அறியாத தம்மூரார் அதனைப் படித்திருக்க வழியில்லை. இருப்பினும் அவர் காலத்தில் பார்த்து எழுதுவதற்கு அத்தகைய முன்னூல் இருக்கவில்லை. ஒவ்வொரு பதிவின் பின்னும், எங்கோ ஓர் ஊரில் ஒருவரிடம் கேட்கப்பட்ட அறியா வினா ஒன்று நிற்கின்றது. குளம் எவ்வளவு நீளம், இவ்வூரில் எத்தனை வீடு, இப்பெயர் எப்படி வந்தது என அவர் கேட்டிருக்க வேண்டும். எங்கள் சிறுநூல்களோ அத்தகைய சிறுநூல்களைப் பார்த்தே எழுதப்படுகின்றன. ஒன்றில் நேர்ந்த அச்சுப்பிழை ஐந்தில் மறுபிறவி எடுக்கின்றது. வினாவைக் கேட்டவர் எவருமில்லை. விடைகள் மாத்திரம் கைமாறுகின்றன.

கேட்கப்படாத வினாக்களுட் கடியது ஒன்று எமது மாவட்டத்தில் உண்டு. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் யாவரும், ஏறத்தாழ 75,000 பேர், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குத் தரப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவினர் பலர் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரையிலே வந்து விழுந்தனர். அதிக தொகையினரை ஏற்றது புத்தளமே. தில்லையடி, ஆலங்குடா போன்ற இடங்களில் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. இவ்வூர் ஏழைகள் தம் கிணற்றையும் பாடசாலையையும் வைத்தியசாலையையும் வந்த ஏழைகளோடு பகிர்ந்தனர். பகிர்வதற்குப் போதியதாக முன்னரே இருந்ததில்லையாதலின், மனக்கசப்புக்களும் விளைந்தன. அதனை மறைப்பதாற் பயனில்லை. 2009இல் போர் முடிந்தபின் சிலர் மீண்டனர். பலர் இங்கேயே இருக்கின்றனர். சிலர் இரண்டு ஊருக்கும் இடையே பஸ்ஸில் வாழ்கின்றனர். இக்கொடுமையைத் தமிழில் எழுதுவோர் பலர் நெடுங்காலம் கேளாமலே விட்டனர். கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வரும் வினா விடை நூல்களில் போர்களின் ஆண்டுகள் உண்டு, உடன்படிக்கைகளின் பெயர்கள் உண்டு. இந்த இரண்டு மணித்தியாலத்தை நாம் ஒன்றிலேனும் கண்டதில்லை.

பாடசாலையில் விண்ணப்பப் படிவம் நிரப்பும் நாளில், சொந்த மாவட்டம் என்னுங் கோட்டுக்கு வந்ததும் சில பிள்ளைகளின் பேனா நின்றுவிடும். “வாப்பா பொறந்தது எருக்கலம்பிட்டி. நான் பொறந்தது ஆலங்குடா. எதை சேர் எழுத? ஒரு கோடுதானே இருக்கு?” எனச் சென்ற தவணையில் ஒரு சிறுவன் கேட்டான். பொது அறிவுப் போட்டியில் உலகத் தலைநகரங்களைத் தங்குதடையின்றி ஒப்பிக்கும் பிள்ளை அவன். பூர்க்கினா பாசோவின் தலைநகர் வாகடுகு என்பான். தன் ஊர் எது என்பது அவனுக்கு ஐய வினா. படிவத்தின் ஓரத்திலே இரண்டு பெயரையும் எழுதச் சொன்னோம். அலுவலகத்தில் அதனை ஏற்பார்களோ என்பது வேறு விடயம்.

இவற்றையெல்லாம் எண்ணி, மூன்று ஆண்டுகளாக எமது பாடசாலைத் தமிழ் மன்றத்தில் பொது அறிவுப் போட்டியை இரு பகுதியாக நடத்தி வருகின்றோம். முதற்பகுதி வழமை போன்றது. மணியடிக்கும், புள்ளியிடப்படும், கைதட்டு உண்டு. பிள்ளைகள் அதனை விரும்புகின்றனர், நாமும் விரும்புகின்றோம். இரண்டாம் பகுதியில் ஒவ்வொரு குழுவும் தனக்கு விடை தெரியாத வினா ஒன்றைக் கொண்டுவர வேண்டும். நூலிலோ கைத்தொலைபேசியிலோ ஒரு நொடியில் அகப்படுவதாயின் வினா தள்ளப்படும். மூன்று வாரத்துக்குள் விடை தேட வேண்டும். யாரிடங் கேட்டோம் என்பதையும் சொல்ல வேண்டும். பெறுவதற்குப் புள்ளி இல்லை.

முதலாண்டில் வினாக்கள் வரவில்லை. பத்து வருடம் பள்ளியில் இருந்த பிள்ளைகளுக்கு, தமக்கு என்ன தெரியாது என்பதைச் சொல்லும் பழக்கம் விட்டுப்போயிருந்தது. தெரியாது என்பது அவர்களுக்குத் தண்டனைக்குரிய சொல். இரண்டாமாண்டில் வந்தன. முந்தலைச் சார்ந்த ஒரு குழு, ஒல்லாந்தர் வாய்க்காலோரம் பாழாய்க் கிடக்கும் இரால் குளங்கள் ஏன் வெட்டப்பட்டன, ஏன் கைவிடப்பட்டன என்று கேட்டது. தேடிச் சென்றவர்கள் 1980களில் கண்டற்காடு அழிந்த கதையையும், 1996இல் வெண்புள்ளி நோய் வந்து குளங்கள் செத்த கதையையும், கடன்பட்டவர்களின் கதையையும் கொண்டுவந்தனர். உடப்பிலிருந்து வரும் மாணவன், கரைவலையில் பட்ட மீன் சம்மாட்டிக்கும் தொழிலாளிக்கும் எந்தக் கணக்கிற் பங்கிடப்படுகின்றது, அக்கணக்கை முதலில் வகுத்தவர் யார் எனக் கேட்டான். பங்குக் கணக்கு வகுப்பில் அன்று எல்லோருக்கும் விளங்கியது. வகுத்தவரை இன்னும் தேடிக்கொண்டிருக்கின்றான்.

பெற்றோர் ஒருவர் எம்மை வழிமறித்து, “இது சோதினைக்கு வருமா, சேர்?” என்றார். வராது என்றோம். “அப்ப ஏன்?” என்றார். கடலிலிருந்து நேரே வந்த மனிதர். சாரத்தில் செதில் ஒட்டியிருந்தது. அவரது வினா நியாயமானது. மகள் உத்தியோகம் பெறத் தவறினால் அவளுக்கு நாம் சோறு போடப் போவதில்லை. முதற்பகுதியை விட்டுவிடவில்லை என்பதைக் கூறினோம். அவர் தலையசைத்தார், உடன்பட்டதாகத் தெரியவில்லை. எமக்கும் முழுமையான விடை கைவசமில்லை.

இவ்வாண்டு ஒரு குழுவினர் கொண்டுவந்த வினா: எமது ஊர்க் காற்றிலுள்ள தூசை அளக்கும் கருவி எங்கே வைக்கப்பட்டுள்ளது, அது காட்டும் அளவுகளை யார் பார்க்கலாம்? ஊரில் பலரைக் கேட்டனர். ஒருவருக்கும் தெரியவில்லை. ஈற்றில், உரியதென்று பிறர் காட்டிய ஓர் அலுவலகத்துக்கு, மரியாதை வழுவாத நடையிலே, நான்கு பேரும் கையொப்பமிட்டுக் கடிதம் எழுதினர். ஐந்து வாரத்தின் பின் பதில் வந்தது. இத்தகவல் எத்தேவைக்காகக் கோரப்படுகின்றது, எவரின் சிபாரிசுடன் கோரப்படுகின்றது என்பன அறிவிக்கப்படுமா என அதில் இரண்டு வரி இருந்தது.

நன்னூலார் விடையையும் எட்டாக வகுத்துள்ளார். கடிதத்தை வாங்கிப் படித்த மாணவி, உயர்தரத்தில் தமிழை ஒரு பாடமாகக் கற்பவள், சற்றும் முகம் மாறாமல், “சேர், இது வினாவெதிர் வினாதல்” என்றாள். இரண்டாவது கடிதத்தை நேற்று மாலை எழுதி முடித்தனர். இம்முறை இருபத்தேழு பேர் கையொப்பமிட்டுள்ளனர். உப்பளத்துத் தாய்மார் மூவர் விரலடையாளம் இட்டுள்ளனர்.